அடிஸ் அபாபாவில் தன்னார்வலராகக் குடியேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று தன்னார்வப் பணிக்குக் கிளம்பும் நம்மூர்க்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் அங்கே மெகனாக்னா பகுதியில் குடியிருந்து, ஒரு பள்ளியில் ஆசிரியர்களோடு வேலை செய்தவன். அந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்த ஊர், அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சம்பளம் வாங்காமல் செய்தாலும் அது வேலைதான், சுற்றுலா விசாவில் அதற்கு இடமில்லை. உங்களை அழைக்கும் அமைப்பு அங்கே முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, உரிய விசாவுக்கும் பிறகு குடியிருப்பு அட்டைக்கும் அவர்களே கடிதம் கொடுப்பார்களா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லும் அமைப்போடு போகாதீர்கள்.

எந்தத் தடுப்பூசி கட்டாயம்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். தெருநாய்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

மலேரியாவுக்கு அடிஸில் பயப்பட வேண்டியதில்லை, அந்த உயரத்தில் அது இல்லை. ஆனால் தாழ்வான பகுதிகளுக்குப் போகும்போது கதை வேறு, அப்போது மாத்திரை வேண்டும்.

ஆப்பிரிக்காதானே, வெயில் கொளுத்துமா?

இந்த எண்ணத்தோடுதான் எல்லோரும் பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அடிஸ் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. ஊட்டி மாதிரியே யூகலிப்டஸ் மரங்களும் உண்டு. இரண்டாம் மெனலிக் மன்னர் காலத்தில் விறகுப் பஞ்சத்துக்காகக் கொண்டுவந்து நட்டவை, இன்றும் என்டோட்டோ மலை முழுக்க அவைதான். பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், சூரியன் இறங்கியதும் ஸ்வெட்டர் தேடுவீர்கள். நவம்பர், டிசம்பர் இரவுகள் நல்ல குளிர். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை மழை, சில நாள் ஆலங்கட்டியோடு. முதல் வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்படாதீர்கள், உடம்பு பழகிவிடும்.

இதே உயரம் சமையலறையிலும் வேலையைக் காட்டும். தண்ணீர் அங்கே 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. ஒரு சின்ன குக்கரும் அதற்கு உபரி கேஸ்கெட்டும் எடுத்துப் போங்கள். என் பெட்டியில் இருந்ததிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

நேரமும் தேதியும் குழப்பும் என்கிறார்களே?

ஆமாம், இதை முதல் நாளே புரிந்துகொள்வது நல்லது. அங்கே நாள் தொடங்குவது விடியற்காலையில். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. 9 மணிக்கு 3 மணி. மாலை இருட்டும்போது மறுபடி 12. "நாளைக்கு 3 மணிக்கு வா" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னால் அது காலை ஒன்பது. ஆங்கிலத்தில் பேசுபவர்கள் சில நேரம் தாங்களே மாற்றிச் சொல்வார்கள், சில நேரம் மாட்டார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் "ஹபெஷா நேரமா, ஃபெரஞ்ச் நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்றால் அவர்கள், ஃபெரஞ்ச் என்றால் வெளிநாட்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களே ஒருவருக்கொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்வதுதான்.

ஆண்டுக்கு 13 மாதம்: பன்னிரண்டு மாதம் முப்பது முப்பது நாளாக, கடைசியில் பகுமே என்று 5 நாள், லீப் வருடத்தில் 6 நாள். புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 11-ல், சில ஆண்டுகளில் 12-ல். நம் 2024 செப்டம்பர் 11-ஆம் தேதிதான் அவர்களுக்கு 2017 பிறந்தது. அலுவலகக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றிலும் இந்தத் தேதிதான் வரும். கையெழுத்துப் போடுமுன் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன.

வீடு எப்படிக் கிடைக்கும்?

அமைப்பே ஏற்பாடு செய்தால் முதல் சில மாதம் அதிலேயே இருங்கள். நீங்களாகத் தேடினால் தெலாலா என்னும் தரகர் மூலம்தான், அவருக்குக் கமிஷன் உண்டு. ஒரு பெரிய சுற்றுச்சுவருக்குள் வீட்டுக்காரர் முன்பக்கம் இருக்க, பின்பக்கம் வரிசையாக இருக்கும் அறைகளை வாடகைக்கு விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு என் சிபாரிசு இப்படிப்பட்ட அறைதான். தனி அடுக்குமாடி வசதியாக இருக்கும், ஆனால் உடம்பு சரியில்லாத நாளில் கதவைத் தட்ட அங்கே ஆள் இருக்காது.

பார்க்கும்போது கேட்க வேண்டியது இரண்டு: கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, கரண்ட் மீட்டர் தனியா பொதுவா. குழாயில் தண்ணீர் தினமும் வரும் என்று எண்ண வேண்டாம், மின்சாரமும் சொல்லாமல் போகும். குடிக்கப் பாட்டில் தண்ணீர் அல்லது வடிகட்டிக் காய்ச்சியது மட்டும்.

முகவரி என்று எழுதிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அடையாளம் சொல்லித்தான் வழி: இந்தத் தேவாலயத்துக்குப் பின்னால், அந்த வங்கிக்கு எதிரில். அதிலும் 2024-ல் தொடங்கிய சாலை விரிவாக்க வேலைகளில் பியாஸா போன்ற பழைய பகுதிகளில் நிறையக் கட்டடங்கள் போய்விட்டதால், பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் அடையாளங்களை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பேருந்து, டாக்ஸி?

நீலமும் வெள்ளையும் பூசிய மினிபஸ்தான் ஊரின் உயிர். கதவில் தொங்கிக்கொண்டு "போலே போலே போலே", "மெக்ஸிகோ மெக்ஸிகோ" என்று கூவும் பையனுக்கு வொயாலா என்று பெயர், காசு வாங்குவதும் அவர்தான். (மெக்ஸிகோ, போலே எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கும் இடங்கள்.) இறங்க வேண்டிய இடம் வந்ததும் "வெராஜ் அலே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் கூச்சத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குபவர்கள் நிறையப் பேர். உரக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரே உங்களுக்காக இன்னொரு முறை சொல்லுவார். சில்லறை கையில் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் மெகனாக்னா, மெக்ஸிகோ சதுக்கங்களில் வரிசை வெகு நீளம், ஆனால் வரிசை ஒழுங்காக நிற்கும், யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்.

2015-ல் திறந்த நகர ரயிலும் இருக்கிறது, நெரிசல் அதிகம். இருட்டிய பிறகு ரைடு அல்லது ஃபெரெஸ் செயலியில் கார் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம்?

நாணயம் பிர். 2024 ஜூலையில் அதன் மதிப்பைச் சந்தைக்கு விட்ட பிறகு டாலருக்கு எதிராக வேகமாக இறங்கியது. அதனால் யாராவது பழைய கணக்கில் "மாதம் இவ்வளவு போதும்" என்று சொன்னால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே இப்போது இருப்பவரிடம் கேளுங்கள். வங்கியில் மட்டும் மாற்றுங்கள். ஏடிஎம்மில் விசா அட்டை பெரும்பாலும் வேலை செய்யும். அன்றாடச் செலவுக்கு நம் ஜிபே மாதிரி அங்கே டெலிபிர், 2021-ல் வந்தது, இப்போது மளிகைக்கடை வரை நுழைந்துவிட்டது. எத்தியோ டெலிகாம் சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். 2022-லிருந்து சஃபாரிகாமும் இருக்கிறது. இணையம் சில நேரம் முழுக்க நின்றுபோகும், வீட்டாரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அவர்கள் இங்கே தவித்துப்போவார்கள்.

சைவம் சாப்பிடுபவர் தாக்குப்பிடிக்க முடியுமா?

தாராளமாக. வெளிநாடுகளில் சைவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரிந்து குறைவு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டு முழுக்கப் பெரும்பாலான புதன், வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர்ந்து விரதம். விரதம் என்றால் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அந்த நாட்களில் எந்த ஓட்டலிலும் "யெட்ஸோம் பெயாய்நேத்து" என்று கேட்டால், பெரிய வட்டத் தட்டில் இன்ஜெரா விரித்து, அதன்மேல் மிசிர் என்னும் காரமான மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட காரமில்லாத பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைகோஸ், பீட்ரூட், நடுவில் கொதிக்கக் கொதிக்க ஷிரோ (கடலைமாவு போன்ற மாவில் செய்த குழம்பு) என்று சுற்றிலும் வைத்துக் கொண்டுவருவார்கள்.

இன்ஜெரா டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் சுட்டது, நன்றாகப் புளித்த ஆப்பம் போல இருக்கும். முதல் நாள் புளிப்பு அதிகமாகத் தோன்றும். ஒரு வாரம் விடாமல் சாப்பிடுங்கள், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாது. வலது கையால், எல்லோரும் ஒரே தட்டில். யாராவது ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் வாய் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு குர்ஷா என்று பெயர், அன்பின் அடையாளம், மறுத்தால் வருத்தப்படுவார்கள்.

விரதமில்லாத நாளில் ஷிரோவில்கூட கிபே என்னும் மசாலா நெய் சேர்ப்பார்கள், பால் சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கிறிஸ்தவர்கள் அறுத்ததை முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் பெரும்பாலும் தொட மாட்டார்கள். வீட்டுக்கு ஆட்களை அழைத்து விருந்து வைக்கும்போது எல்லோருக்கும் விரதச் சாப்பாடாகச் செய்துவிட்டால் சங்கடமே இல்லை. சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் இரு தரப்பும் ரசித்துச் சாப்பிடுவார்கள், பெர்பெரே மிளகாய்ப்பொடிக்குப் பழகிய நாக்குக்கு நம் காரம் ஒன்றுமே இல்லை.

அக்கம்பக்கத்தாரோடு பழகுவது எப்படி?

காபி வழியாக. அங்கே காபிக்கு புன்னா என்று பெயர், பயிரே அந்த நாட்டுடையது. பக்கத்து வீட்டில் "வா, புன்னா குடி" என்றால் அது ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வரும் காரியமில்லை. தரையில் பச்சைப்புல் பரப்பியிருக்கும். வீட்டுப் பெண் ஒரு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான இரும்புச் சட்டியை வைத்து வறுப்பார். கொட்டை கறுத்து எண்ணெய் விட்டுப் பளபளக்கும்போது, புகையும் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவார், நீங்கள் கையால் அந்தப் புகையை முகத்தின் பக்கம் தள்ளி மோந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அப்புறம் இடித்து, ஜெபெனா என்னும் கறுத்த மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார். கூடவே சாம்பிராணிப் புகை, ஒரு தட்டில் மக்காச்சோளப் பொரி.

இப்படி மூன்று சுற்று: அபோல், டோனா, பெரெகா. மூன்றாவது ஆசீர்வாதம், அதற்கு முன் எழுந்து போவது அழகில்லை. இடையில் தெருவில் நடந்த எல்லாம் பேசப்படும். யார் மகளுக்குக் கல்யாணம், தண்ணீர் எப்போது வரும், எந்தக் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார். மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். "எனக்கு வேலை இருக்கிறது" என்று இந்த அழைப்புகளைத் தள்ளிவிடும் தன்னார்வலர்கள்தான் மூன்றாவது மாதத்தில் தனிமையில் அழுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை: வாரத்தில் இரண்டு புன்னாவுக்காவது நேரம் ஒதுக்குங்கள், உங்கள் வேலைத்திட்டத்தில் வேறு எதை வெட்டினாலும் பரவாயில்லை.

இன்னொன்று, சாவு. தெருவில் யாராவது இறந்தால் கூடாரம் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். செலவைப் பார்த்துக்கொள்ள இதிர் என்ற அக்கம்பக்கச் சங்கம் உண்டு, எல்லோரும் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். (நம் ஏலமில்லாத சீட்டு போல எகுப் என்பதும் உண்டு.) கூட வேலை செய்பவர் வீட்டில் துக்கம் என்றால் அலுவலகமே கிளம்பிப் போகும். நீங்களும் போங்கள், பேச ஒன்றும் தெரியாவிட்டாலும் கூட உட்காருங்கள்.

அம்ஹாரிக் கற்க வேண்டுமா? ஆங்கிலம் போதாதா?

அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும், தெருவுக்குப் போதாது. "இஷி" என்றால் சரி, "அமசெகனாலெஹு" என்றால் நன்றி, "சிந்த் நெவ்?" என்றால் எவ்வளவு. நலம் விசாரிக்கும்போது ஆணிடம் "எந்தெமின் நெஹ்", பெண்ணிடம் "எந்தெமின் நெஷ்", பெரியவர்களிடம் "எந்தெமின் நொத்". வயதானவரிடம் மரியாதை வடிவத்தை விட்டுவிடாதீர்கள், நம்மூர்ப் பெரியவரை "நீ" என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எழுத்து நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. 33 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் உயிரொலிக்கு ஏற்ப 7 வடிவம். உயிர்மெய் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டவணை சட்டென்று பிடிபடும். அங்கே வந்த ஐரோப்பிய நண்பர்கள் திணறும்போது நம்மவர்கள் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் விஷயத்திலும் நமக்கு வசதி. அங்கே குடும்பப்பெயர் கிடையாது, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். கல்யாணம் ஆனாலும் பெண் பெயர் மாறாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் இனிஷியலை விளக்க நாம் எல்லா நாட்டிலும் படும் பாடு அங்கே இல்லை. "அப்பா பெயர்" என்றால் முடிந்தது.

இந்தியர் என்றால் எப்படி நடத்துவார்கள்?

மரியாதையாக. ஹெய்லி செலாசி பேரரசர் காலத்தில் ஏராளமான இந்திய ஆசிரியர்கள் அங்கே ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேசிப் பாருங்கள், "எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் இந்தியர்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆசிரியர்கள் சம்பாதித்து வைத்த நல்ல பெயரில்தான் நாம் இன்று நடமாடுகிறோம். இளையவர்கள் இந்திப் படம் பற்றிக் கேட்பார்கள். தெருவில் பிள்ளைகள் "ஹிந்த்!" என்றோ "ஃபெரஞ்ச்!" என்றோ கூப்பிடுவார்கள், சிரித்து "சலாம்" சொன்னால் போதும்.

வந்து ஒரு மாதம் ஆகிறது, எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. என்ன செய்வது?

எனக்கு வரும் செய்திகளில் இதுதான் அதிகம். உங்களுக்கு ஆதங்கமாக இருப்பது புரிகிறது, வீட்டில் சண்டை போட்டு, லீவு எடுத்து, சேமிப்பைச் செலவழித்து வந்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். உங்களுக்கு முன் எத்தனையோ பேர் வந்து, புதுத் திட்டம் தொடங்கி, பாதியில் போய்விட்டார்கள். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல் பொறுப்பை ஏன் தர வேண்டும்? முதல் இரண்டு மாதம் கூட உட்காருங்கள், கேளுங்கள், பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கள், யாரிடம் எந்த அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் "இஷி" என்று தலையாட்டினால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டோம் என்பதுகூட இருக்கலாம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தனியாகக் கேட்டால் உண்மைப் பதில் வரும்.

அங்கே இருக்கும் ஒருவர் செய்யக்கூடிய வேலையை நீங்கள் எடுத்துச் செய்யாதீர்கள். அவருக்குத் துணையாக இருங்கள். குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் விளையாடிவிட்டு வரலாம் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒட்டிக்கொண்ட பிள்ளையை விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவதும் வேண்டாம்.

பாதுகாப்பு?

பகலில் பயமில்லாமல் நடக்கலாம். மெர்காட்டோ சந்தையிலும் மினிபஸ் நெரிசலிலும் போன், பர்ஸ் பத்திரம். இரவில் தனியாக நடக்க வேண்டாம், ஊரின் ஓரங்களில் கழுதைப்புலிகள்கூட இறங்கி வரும். அரசுக் கட்டடம், ராணுவம் எதையும் படம் எடுக்காதீர்கள், டிரோன் எடுத்து வராதீர்கள். தலைநகருக்கு வெளியே தரைவழிப் பயணம் வேறு விஷயம். டிக்ரேயில் 2020 முதல் 2022 வரை போர், அம்ஹாரா பகுதியில் 2023-லிருந்து மோதல். லாலிபெலாவின் பாறைக் கோயில்களைப் பார்க்க ஆசை எல்லோருக்கும் இருக்கும், ஆனால் அந்த வாரத்து நிலவரத்தை அமைப்பிடம் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

திரும்பும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

கிளம்பும் தேதியை இரண்டு மாதம் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கோப்புகள், கடவுச்சொற்கள் எல்லாம் அடுத்து செய்யப்போகும் உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும், அவர் உங்கள் முன்னாலேயே ஒரு முறை முழுவதும் செய்து பார்த்திருக்க வேண்டும். குடியிருப்பு அட்டை காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள், ஆகியிருந்தால் விமான நிலையத்தில் அபராதம். பிர் நோட்டுகளை வெளியே எங்கும் மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருந்தால் காபிக்கொட்டையாக வாங்கிவிடலாம். குக்கரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் பெட்டியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.